அத்தா தூக்கிய கை

ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் டெலிபோன், பெட்டிக்கடை வாசலில் தொங்கிய காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பலருக்கு அந்த நாட்கள் சத்தமாக நினைவிருக்கும். தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு, ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன், ஷேர் ஆட்டோக்காரர் "பம்மல், பம்மல்" என்று கூவுவது. எனக்கு அவை வெளிச்சமாகத்தான் நினைவிருக்கின்றன. அதிலும் ஒரே ஒரு விளக்கு.

எங்கள் தெருக்கோடியில் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான சின்னத் திடல் ஒன்று இருந்தது. பூங்கா வரும் என்று விட்ட இடம். வந்தது ஒரு கம்பிக் கேட்டும், சங்கம் நட்டு வைத்த ஒரு சோடியம் விளக்கும்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அதைப் போட்டதும் முதலில் ரோஜா நிறத்தில் முனகும், பிறகு மெல்ல ஆரஞ்சுக்கு வரும். அந்த முனகல் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் கேட்கும். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது.

அத்தா பம்மலில் ஒரு தோல் பை பட்டறையில் கட்டிங் வேலை செய்தார். வீட்டுக்கு வரும்போது சட்டையில் பசை வாசம் வரும். பட்டறையில் இருபது பேர். அவரிடம் பேசத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. "சாப்பிடு", "சீக்கிரம்", "நாளைக்கு லீவு" என்று மூன்று சைகை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஓட்டினார்கள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் வாயால் சொல்லும் பெயர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கை அடையாளம். சங்கச் செயலாளருக்கு, மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. திடலுக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தவருக்கு, டீயை உயர்த்தி ஆற்றுவது. எனக்கு வைத்திருந்தது, உள்ளங்கையால் வாயை மூடுவது. சின்ன வயதிலிருந்தே யாராவது கேள்வி கேட்டால் நான் அப்படித்தான் வாயைப் பொத்திக்கொள்வேனாம். அந்த அடையாளம் எனக்குப் பிடிக்காது. ஆனால் பொய் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தாவின் சிநேகிதர்கள் வருவார்கள். பெருங்களத்தூரிலிருந்து இரண்டு பேர், பம்மலிலிருந்து நான்கைந்து பேர், ரயிலில் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு ஜோடி. எல்லோருக்கும் காது கேட்காது. செல்போனும் வீடியோவும் இல்லாத காலம். வாரம் முழுக்க அடக்கி வைத்த பேச்சை அந்த விளக்கடியில் இரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பார்கள். கை பேச வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள் பத்துப் பேர் வட்டமாக நிற்க இடம் கிடையாது. அதனால்தான் திடல். பூச்சிகள் விளக்கைச் சுற்ற, கீழே இருபது கைகள் சுற்றும். சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வரும். அவர்கள் சிரிப்பு கொஞ்சம் உரக்க இருக்கும், தெருவுக்கு அது பழக்கமில்லை.

தெருவில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. வெளியாட்கள் கூடுகிறார்கள், சண்டை மாதிரி கையை வீசுகிறார்கள், விரலை மடக்கி எண்ணுகிறார்கள், சூதாட்டமாக இருக்கும் என்றெல்லாம். அவர்கள் எண்ணியது ரயில் நேரத்தை.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், மழைக்கு முன்னால், திடலில் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள். அத்தா சலவைச் சட்டை போட்டு வந்தார். செயலாளர் நல்ல மனுஷர், அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் முதல் வரிசையில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இங்க இருந்தா அவருக்குக் கொஞ்சமாச்சும் கேக்கும்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அந்தப் பெட்டியின் அதிர்வு நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது என்று அத்தா பிறகு சொன்னார். வேறெதுவும் அவருக்கு வந்து சேரவில்லை.

கொண்டுவந்து சேர்க்க வேண்டியவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு என்று என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். பின் வரிசையில் என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். நான் கையைத் தூக்கினாலே என் முதுகில் அவர்கள் பார்வை ஊர்வது போல இருந்தது. துப்பட்டாவுக்கு அடியில், இடுப்பு உயரத்தில், இரண்டு விரலால் சொன்னேன். தண்ணீர். குப்பை. கொசு. செயலாளர் கால் மணி நேரம் பேசியதை ஒரு சொல்லாக்கினேன். எல்லோரும் சிரித்தபோது அத்தா என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வந்தேன். அதனால் அன்று அது என்னை ஒன்றும் செய்யவில்லை. இன்று நினைத்தால்தான் செய்கிறது.

ஐந்தாவது தீர்மானத்தைப் படித்தபோது நான் கேட்கவே இல்லை. பின் வரிசையில் என்ன கிசுகிசுக்கிறார்கள் என்பதில் காதை வைத்திருந்தேன். திடீரென்று சுற்றிலும் கைகள் உயர்ந்தன. அத்தா என்னைப் பார்த்தார். தூக்கு என்று முகவாயால் காட்டினேன். அவர் தூக்கினார். அரை மனதாகத் தூக்கத் தெரியாதவர். முழங்கை மடங்காமல், தேசியக் கொடி மாதிரி நேராகத் தூக்கினார். கூட்டத்திலேயே உயரமான கை அதுதான்.

செயலாளர் மைக்கில் சொன்னார். "பாருங்க, அவரே கை தூக்கிட்டாரு. அவங்க ஆளுங்க சம்மதமே கெடைச்சாச்சு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மணிக்குத் திடல் கேட்டைப் பூட்டுவது, விளக்கை எடுத்துவிடுவது. அதுதான் ஐந்தாவது தீர்மானம். நான் அத்தாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அம்மா என்ன நடந்தது என்று கேட்டபோது, கொசு மருந்து அடிப்பார்களாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு சிநேகிதர்கள் வந்தபோது கேட்டில் பூட்டு. கம்பத்தில் விளக்கு இல்லை, அது இருந்த இடத்தில் ஒயர் தொங்கியது. அவர்கள் ரோட்டோரம் நின்று பேசப் பார்த்தார்கள். ஒரு லாரி வந்தால் அதன் வெளிச்சத்தில் பாதி வாக்கியம் தெரியும், போனதும் கை இருட்டில் நின்றுவிடும், அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அப்படித் துண்டு துண்டாகப் பேசிப் பார்த்துவிட்டு ஏழு மணிக்கே ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள்.

அத்தா செயலாளர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒரு தாளில் எழுதிக் கேட்டார். செயலாளர் சங்க நோட்டைத் திறந்து ஐந்தாவது தீர்மானத்தைக் காட்டினார், அதன் கீழே எழுதினார்: "நீங்களும் கை தூக்கினீர்கள்." அத்தா அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

கை தூக்கிய கதை தெரிந்ததும் சிநேகிதர்கள் அத்தாவை விடுவார்களா? அவருக்கு இருந்த பழைய அடையாளத்தை எடுத்துவிட்டு, கையை நேராகத் தூக்குவதையே அவர் பெயராக வைத்துவிட்டார்கள். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தூரத்தில் அவரைப் பார்த்ததும் எல்லோரும் ஒன்றாகக் கை தூக்குவார்கள். டிக்கெட் பரிசோதகர்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அத்தா சிரித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கைகள் மடியில் சும்மா கிடந்ததை அந்த மாதம்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மழை நின்றதும் அடுத்த கூட்டம் அறிவித்தார்கள். அத்தா ஒரு வாரம் உட்கார்ந்து மனு எழுதினார். விளக்கு விஷயத்தை மறுபடி எடுக்க வேண்டும், கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று இரண்டே வரி. செயலாளர் படித்துவிட்டு என்னைக் காட்டினார். "அதான் பொண்ணு இருக்கே, எதுக்கு வெளியாளு?" அதை நான் அத்தாவுக்குச் சொன்னேன். அவர் பேனாவை வாங்கி அடியில் எழுதினார்: "அவள் என் மகள். எனக்கு வேண்டியது மொழிபெயர்ப்பாளர்."

எனக்கு அழுகை வந்தது. என்னைக் கழித்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் தோளிலிருந்து அவள் தூக்கக் கூடாத ஒரு மூட்டையை இறக்கினார் என்பது எனக்குப் புரிய, நானே ஒரு பெண்ணுக்கு அம்மாவாக வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் அக்கா பெருங்களத்தூரிலிருந்து வந்தார். அத்தாவின் சிநேகிதர் ஒருவருடைய தங்கை. அண்ணனோடு வளர்ந்ததில் கை பேச்சு வந்தது, பிறகு முறையாகவும் படித்தார். ஞாயிறு காலைகளில் சர்ச்சில் பிரசங்கத்தைக் கையால் சொல்வார். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். கருநீலத்தில் பூவே இல்லாத சேலை, கையில் வளையல் கிடையாது. கை மட்டும்தான் தெரிய வேண்டுமாம். யார் யாருக்கு என்ன அடையாளம் என்று அத்தாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். செயலாளரின் கண்ணாடி அடையாளத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மேடைக்குப் பின்னால் தொங்கிய பூப்போட்ட ஷாமியானாத் துணியைப் பார்த்து, இதற்கு முன்னால் நின்றால் விரல் தெரியாது என்றார். எங்கள் வீட்டுப் பச்சைப் போர்வையைக் கொண்டுபோய்க் கட்டினோம்.

செயலாளர் அவரைக் கீழே ஓரமாக நிற்கச் சொன்னார். மேடையில் நின்றால் கூட்டத்தின் கவனம் சிதறுமாம்.

"சார், அவங்க உங்க மொகத்தையும் பாக்கணும், என் கையையும் பாக்கணும். ரெண்டும் ஒரே பக்கம் இருந்தாதான் ஆகும்."

"சரிம்மா. ஆனா நான் பேசி முடிச்சதும் சுருக்கமா ரெண்டு வார்த்தையில சொல்லிடுங்க."

"நான் சுருக்க மாட்டேன் சார். நீங்க சுருக்குனா அதுவும் சுருங்கும்."

எதிர்க் கடையிலிருந்து டீ கொண்டுவந்தவர் இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "கரெக்டா கேட்டுக்கினியா சார்?" என்று செயலாளரிடம் கேட்டுவிட்டு டம்ளர்களோடு போனார்.

அன்று நான் கடைசி வரிசைக்கும் பின்னால், கேட்டோரம் போய் நின்றுகொண்டேன். எனக்கு வேலை இல்லை. அத்தாவும் அம்மாவும் சிநேகிதர்களும் நடுவில், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, மேடை நேராகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் நாலரை மணி, வெயில் இன்னும் இருந்தது. செயலாளர் ஆரம்பித்தார். சாக்கடையில் தண்ணீர் போகவில்லை என்று போன வருஷம் மனு கொடுத்தோம், இந்த மழைக்குத் தெருவோடேயே தண்ணீர் போகிறது, மனுவைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

அத்தாவும் சிரித்தார்.

சுற்றிலும் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. தெரு சிரித்த அதே நொடியில், தலையைப் பின்னால் சாய்த்து, உரக்க. பக்கத்தில் அம்மா அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். எத்தனையோ கூட்டம், கல்யாணம், பள்ளி விழா போயிருக்கிறோம். நேரத்துக்குச் சிரித்த அத்தாவை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள் கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. தாம்பரத்தில் கரண்ட் போவது புதிதல்ல, ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலில் மேடைப் பேச்சு ஐந்தாவது வரிசையைக்கூடத் தாண்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் சத்தம் சத்தம் என்று கத்தினார்கள். கத்தியதில் முன்னால் இருந்தவர்களுக்கும் கேட்காமல் போனது. அந்தத் திடலில் பேச்சைத் தவற விடாமல் கவனித்தவர்கள் நடு வரிசைக்காரர்கள்தான். அக்கா செயலாளருக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டார், கை நிற்கவே இல்லை.

டீக்கடைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா பாப்பா, ஒண்ணும் கேக்கல. இன்னா சொல்றாரு?"

"விளக்கு விஷயம் எடுக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி யாரு பேசணுமோ வரலாம்னு சொல்றாரு."

"இத்தினி தூரத்துல உனக்கு எப்டி கேக்குது?"

"கேக்கல. பாக்கறேன்."

அவர் மேடையைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கடைக்கு ஓடி ஒரு பால் கிரேட்டைக் கொண்டுவந்து கவிழ்த்தார். "ஏறு. ஏறி எல்லாருக்கும் சொல்லு. இல்லாங்காட்டி இங்க ஒரு பேஜாரும் தீராது." நான் மாட்டேன் என்றேன். வாயைக்கூடப் பொத்திக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அப்போது மேடையில் அத்தா ஏறுவதைப் பார்த்தேன்.

நான் கிரேட்டில் ஏறினேன்.

அத்தா கூட்டத்தைப் பார்த்து நின்று கை பேசத் தொடங்கினார். அக்கா அவரைப் பார்த்தபடி வாயால் சொன்னார், முன் வரிசைகளுக்கு. பின் வரிசைகளுக்கு நான் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்று சொல்ல மாட்டார், "நான்" என்றுதான் சொல்வார். அதை அக்காவிடம் கூட்டத்துக்குச் சற்று முன்னால்தான் கேட்டுக் கற்றிருந்தேன். எனவே நானும் அப்படியே ஆரம்பித்தேன்.

"நான் இந்தத் தெருவுல பதினாறு வருஷமா குடியிருக்கேன்."

முன்னால் ஒரு பெரியவர் அக்காவைப் பார்த்து, இந்தம்மா எந்த வீட்டில் இருந்தது என்று பக்கத்து ஆளைக் கேட்டாராம். பின்னால் ஒருவர் என்னைப் பார்த்து, உன் வயசே அவ்வளவு இல்லையே என்றார். டீக்கடைக்காரர் அவர் தோளில் கை வைத்து, பேசுறது அவங்கப்பா, கம்முனு கேளு என்றார்.

"உங்களுக்கு எங்க நின்னாலும் பேசலாம். இருட்டுலயும் பேசலாம், ரூமுக்கு ரூம் கூப்பிட்டுப் பேசலாம். எங்களுக்கு வெளிச்சம் இல்லன்னா வாய் இல்ல. நாங்க சூதாடல. யார் பொண்ணுக்கு மாப்பிள்ளை வந்துது, யாருக்கு வேலை போச்சு, எந்த டாக்டர் பொறுமையா எழுதிக் காட்டுவாரு, இதுதான் பேசறோம். ஆறு நாள் நான் வீட்டுக்கு வெளிய யார்கிட்டயும் பேசறது இல்ல. ஏழாவது நாள் அந்த வெளக்குல பேசறேன்."

பிறகு அத்தா வலது கையை, அன்று போலவே, நேராகத் தூக்கிக் காட்டினார்.

"போன கூட்டத்துல நானும் கை தூக்கினேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் தூக்கினாங்க, தூக்கினேன். யார் மேலயும் தப்பு இல்ல. எனக்குச் சொல்ல அன்னிக்கு ஆள் இல்ல, அவ்வளவுதான்."

ஆள் இருந்தாள். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அந்தத் திடலில் வேறு யாருக்கும் தெரியாது. கையால் சொன்னதில் ஒரு சொல் குறைக்காமல், கூட்டாமல், நான் அதைச் சத்தமாகச் சொல்லி முடித்தேன். பின் வரிசையில் என் வகுப்புப் பெண்கள் மூன்று பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் கவனித்ததே பேசி முடித்த பிறகுதான்.

செயலாளர் எழுந்து கண்ணாடியை மேலே தள்ளினார். நடு வரிசையில் பத்துப் பேர் குனிந்து சிரிப்பை மறைத்தார்கள். சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். யாரும் தூக்குவதற்குள் மேடையில் நின்ற அத்தா அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே வாயால் சொன்னார், பின் வரிசைகளுக்கு நான் சொன்னேன்.

"எதுக்குத் தூக்கணும்னு மொதல்ல சரியா சொல்லுங்க சார். ஒரு தடவ பட்டுட்டேன்."

திடலே சிரித்தது. செயலாளரும் சிரித்தார். நோட்டைப் பிரித்து, ஐந்தாவது தீர்மானத்தை ரத்து செய்து விளக்கைத் திரும்ப மாட்டுவது, கேட்டைப் பூட்டாமல் விடுவது என்று நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறை அவர் அக்காவின் கை முடியும் வரை காத்திருந்தார். யாரும் சொல்லித்தரவில்லை, தானாகக் காத்திருந்தார்.

அத்தாவின் கை முதலில் உயர்ந்தது. பிறகு அம்மாவின் கை, டீக்கடைக்காரர் கை, வரிசை வரிசையாகத் தெருவின் கைகள். சைதாப்பேட்டைக்காரரும் உற்சாகத்தில் தூக்கிவிட்டார், தெருக்காரர்களுக்கு மட்டும்தான் என்று அக்கா இறக்க வைத்தார். எண்ணத் தேவையே இருக்கவில்லை. தூக்காதவர்கள் ஏழெட்டுப் பேர், அவர்களும் வாதாடவில்லை.

சரியாக அப்போது கரண்ட் வந்தது. அணைக்காமல் விட்ட மைக், இரண்டு பெட்டிகளிலும் காது கிழிய வீறிட்டது. கேட்கும் காது உள்ள நாங்கள் எல்லோரும் தூக்கிய கையை இறக்கிக் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தோம். மேடையில் அத்தாவும் நடுவில் அம்மாவும் தூக்கிய கையை இறக்காமல், சிநேகிதர்களும் நிமிர்ந்தபடியே, எங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். புரிந்ததும் அவர்கள் சிரித்த சிரிப்பு ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

அடுத்த ஞாயிறு விளக்கு ரோஜா நிறத்தில் முனகி ஆரஞ்சுக்கு வந்தது. அதன் பிறகு சங்கக் கூட்டம் என்றால் நோட்டீஸில் அக்காவின் வருகையையும் எழுதினார்கள். செயலாளரே பெருங்களத்தூருக்குப் போன் போட்டுக் கூப்பிடுவார். அந்த சோடியம் விளக்கு இன்று இல்லை, வெள்ளை விளக்கு வந்துவிட்டது. பட்டறையும் இல்லை. நான் இன்னும் கூச்சக்காரிதான், கல்யாண வீட்டில் கடைசி வரிசையில்தான் உட்காருவேன். ஆனால் என் மகளின் பள்ளி விழாவுக்கு அத்தாவை அழைப்பதற்கு முன்னால், மேடையில் மொழிபெயர்ப்பாளர் எங்கே நிற்பார் என்று தலைமை ஆசிரியரிடம் போய் நானே கேட்பேன். வாயைப் பொத்தாமல் கேட்பேன்.

விளக்கு திரும்பி வந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில் அதன் அடியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சிநேகிதர்கள் வட்டமாக நின்று கூட்டத்தின் கதையை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கை தூக்கும் அடையாளத்தை அத்தாவின் பெயராக நிரந்தரமாக்குவது என்று முடிவாயிற்று. இப்போது அதில் கேலி இல்லை. நான் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தேன். அத்தா நான் வருவதைக் காட்டி, எல்லோருக்கும் என் பெயரைச் சொன்னார். உள்ளங்கை வாய்க்குப் போயிற்று, வழக்கம்போல மூடியது. பிறகு நிற்காமல், விரல்களை விரித்துக்கொண்டே முன்னால் வந்தது, வட்டத்தில் இருந்த ஒவ்வொருவரை நோக்கியும்.

பத்துப் பேரும் அதை ஒருமுறை செய்து பார்த்தார்கள். அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.